எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் மகிழ்ச்சி

2018 ஜூலையில் தில்லி தியாகராஜ் விளையாட்டரங்கில், தலாய் லாமாவின் முன்னிலையில், அரசுப் பள்ளிகளுக்கான ஒரு புதிய பாடத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பெயரே மகிழ்ச்சிப் பாடத்திட்டம். மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கால அட்டவணையில் அதற்கென்று தனிப் பாடவேளை ஒதுக்கப்பட்டது. மாணவர்க்குப் பாடநூல் இருக்கவில்லை. தேர்வும் மதிப்பெண்ணும் இருக்கவில்லை. கண்மூடி மூச்சைக் கவனித்தல், ஒரு கதை, அதை ஒட்டிய உரையாடல், ஒரு சிறு செயல்பாடு என்று அந்த நேரம் கழிந்தது. அடுத்த ஆண்டே உத்தராகண்ட் மாநிலம் 'ஆனந்தம்' என்ற பெயரில் இதையொத்த திட்டமொன்றைத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபரின் மனைவி தில்லிப் பள்ளியொன்றுக்கு வந்து அந்த வகுப்பைப் பார்வையிட்டார். இந்தியப் பள்ளிக் கல்வியில் மாணவர் நலம் என்ற சொல் அரசாணைகளுக்குள் நுழைந்த விதத்தைப் புரிந்துகொள்ள அந்த மகிழ்ச்சி வகுப்பு நல்லதொரு தொடக்கப் புள்ளி.

அந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத கூறு ஒன்று உண்டு. மகிழ்ச்சி ஏன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது? நிர்வாகம் தந்த விடை எளிது. தொடக்கக் கல்வி எட்டாம் வகுப்போடு முடிகிறது, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பொதுத்தேர்வை நோக்கிய பயணம் தொடங்குகிறது, பாடவேளைகளில் இடமில்லை. ஆனால் அதே எல்லைக்கோட்டில்தான் இன்னொன்றும் நின்றுகொண்டிருந்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. தில்லி அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு பெருமளவிலான தோல்விக்குப் பெயர் போன வகுப்பு. 2016இல் 'சுனௌதி' என்ற திட்டத்தின் கீழ் அந்த வகுப்பு மாணவர்கள் முந்தைய தோல்விகளையும் அடிப்படைத் திறன்களையும் வைத்துத் தனித்தனிக் குழுக்களாகவே பிரிக்கப்பட்டனர்.

ஒரு குழந்தையின் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் காட்சி வேறாகத் தெரியும். மார்ச் மாதம் வரை அதனிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். ஏப்ரலில் அது தோற்கக்கூடிய வகுப்புக்குள் முதன்முறையாக நுழைந்தது. அங்கே மூச்சைக் கவனிக்க நேரமிருக்கவில்லை. அச்சம் தொடங்கிய இடத்தில் மகிழ்ச்சி விடைபெற்றுக்கொண்டது. எவரும் இப்படித் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். இரண்டு பிரிவுகள் தனித்தனியே எடுத்த முடிவுகள் ஒரே கோட்டில் வந்து முட்டிக்கொண்டன, அவ்வளவே. எனினும் அந்தத் தற்செயல்தான் கருத்தாக்கத்தின் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. நலத்தைப் பாடவேளையாகக் கருதும்வரை, பள்ளியின் மற்ற ஏழு பாடவேளைகள் எதுவும் மாற வேண்டியதில்லை.

நலம் என்பதைப் பள்ளி கற்பிக்க வேண்டிய பொருளாகக் காண்பது ஒரு பார்வை. நேரம், இடம், அச்சம், மதிப்பு ஆகியவற்றைப் பள்ளி எப்படிப் பங்கிடுகிறது என்பதன் விளைவாக அதைக் காண்பது வேறொரு பார்வை. இந்தியக் கொள்கை ஆவணங்கள் முதலாவதை விரும்புகின்றன. காரணம், அது மலிவானது. கையேடு அச்சிட்டு, ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சியளித்து, சுற்றறிக்கை அனுப்பிவிடலாம். இரண்டாவதற்குக் கட்டடம், பணியிடம், தேர்வு முறை ஆகியவற்றில் கைவைக்க வேண்டும்.

2022இல் வெளியான தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் மனநலக் கணக்கெடுப்பு 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான 3,79,842 மாணவர்களிடம் நடத்தப்பட்டது. படிப்பு, தேர்வு, முடிவு ஆகியவையே தங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 விழுக்காட்டினர் கூறினர். கேள்வி கேட்கத் தயங்குவதாக 28 விழுக்காட்டினர் கூறினர். இந்த இரண்டாவது எண் நாளிதழ்களில் அதிகம் இடம்பெறவில்லை. ஆயினும் அதுவே கூடுதல் கவனத்துக்குரியது. தேர்வு ஆண்டுக்குச் சில வாரங்கள் வருவது. கேள்வி கேட்க அஞ்சுவது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பாடவேளையிலும் நிகழ்வது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல முடியாத குழந்தை, நாளின் பெரும்பகுதியைப் புரிந்ததுபோல் நடிப்பதில் செலவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஆர்.கே. நாராயண் 1986இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அவையில் அவர் ஆற்றிய முதல் உரை புத்தகப்பை சுமந்து கூன்விழும் குழந்தைகளைப் பற்றியது. சில ஆண்டுகளுக்குப் பின் இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993இல் 'சுமையின்றிக் கற்றல்' என்ற அறிக்கையை அளித்தது. பையின் எடையிலிருந்து தொடங்கிய விவாதத்தை அந்தச் சிறிய அறிக்கை வேறோர் இடத்துக்கு நகர்த்தியது: பையைவிடக் கனமானது புரியாமையின் சுமை என்றது. முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில், அரசு இயந்திரம் அந்த அறிக்கையிலிருந்து எளிதாக அளக்கக்கூடிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது தெரிகிறது. 2020இல் வந்த புத்தகப்பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. பையைத் தராசில் வைத்துவிடலாம். புரியாமையை வைக்கத் தராசு இல்லை.

அளக்க முயன்ற ஒரு கட்டமும் வந்து போனது. 2009-10 கல்வியாண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விருப்பத்துக்குரியதாக்கப்பட்டது. நோக்கம் நன்று. நடந்தது என்னவென்றால், ஆண்டிறுதியில் ஒருமுறை வந்த தேர்வு ஆண்டு முழுவதும் பரவியது. செயல்திட்டங்களைப் பெற்றோரும் கடைக்காரரும் செய்து கொடுத்தனர். ஆசிரியர்கள் பதிவேடு நிரப்பும் எழுத்தராயினர். ஐம்பது அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொரு குழந்தையையும் தொடர்ந்து கவனித்து எழுதுவது எப்படி என்ற கேள்விக்கு விடை இல்லாமலேயே திட்டம் ஓடியது. 2018இல் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று. 2019இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கும் உரிமை அரசுகளுக்கு அளிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் அதைச் செயற்படுத்தியது. வகுப்பின் அளவை மாற்றாமல் மதிப்பீட்டை மட்டும் மாற்றியதன் தோல்வி, மதிப்பீட்டுச் சீர்திருத்தத்தின் தோல்வியாகவே வரலாற்றில் பதிந்துவிட்டது. இந்தப் பிழையான பதிவு இன்றுவரை விவாதங்களில் சான்றாகக் காட்டப்படுகிறது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு, நான்காம் வகுப்பு வரையுள்ள வகுப்புகள் காலை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று ஆணையிட்டது. குழந்தைகளின் தூக்கம் குறைகிறது என்பதே காரணம். மருத்துவ நோக்கில் அதை மறுப்பவர் எவருமில்லை. எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. மும்பை, புணே போன்ற நகரங்களில் ஒரே கட்டடத்தில் காலை ஒரு பள்ளியும் மதியம் ஒரு பள்ளியுமாக ஷிப்ட் முறை நடக்கிறது. காலை வகுப்பைத் தள்ளினால் மதிய வகுப்பு எப்போது தொடங்கும்? ஒரே பேருந்து இரண்டு முறை ஓடுவதால்தான் கட்டணம் கட்டுப்படியாகிறது என்றனர் பேருந்து உரிமையாளர்கள். வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் எட்டு மணிக்குக் குழந்தையை எங்கே விடுவது என்ற சிக்கல்.

இந்தச் சிறு நிகழ்வில் முழுப் பிரச்சினையின் உருவமும் அடங்கியிருக்கிறது. ஏழு வயதுக் குழந்தையின் தூக்கம் என்பது உளவியல் வினாவாகத் தோன்றி, நகர நிலத்தின் விலையிலும் பேருந்தின் ஓட்டக் கணக்கிலும் தாய்தந்தையின் பணிநேரத்திலும் போய் முடிகிறது. தியானம் எவ்வளவு நேரம் செய்தாலும் அந்த ஒரு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைக்காது. எதிர்ப்பாளர்களை நலத்துக்கு எதிரானவர் என்று ஒதுக்குவதும் நேர்மையாகாது. அவர்கள் சொன்ன தடைகள் மெய்யானவை. மாற்றத்துக்குப் பணம் தேவை, அதை யார் தருவது என்ற கேள்வியை ஆணை தொடவில்லை என்பதே குறை.

கேரளத்திலிருந்து வரும் எடுத்துக்காட்டு இன்னும் எளியது. 2019இல் அங்குள்ள பள்ளிகளில் 'தண்ணீர் மணி' அடிக்கும் வழக்கம் பரவியது. மணி ஒலித்ததும் எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும். கர்நாடகமும் தெலங்கானாவும் பின்தொடர்ந்தன. குழந்தைகளுக்குத் தாகம் எடுப்பதைக்கூட மணியடித்து நினைவூட்ட வேண்டுமா என்று நகைத்தவர் உண்டு. பல பெண் குழந்தைகள் மறதியால் தண்ணீர் குடிக்காமல் இருப்பதில்லை. போகத் தகுந்த கழிப்பறை இல்லாததால் வேண்டுமென்றே குடிப்பதில்லை. எனவே தண்ணீர் மணி பயன்பட வேண்டுமானால் கழிப்பறைக்குக் கதவும், தாழ்ப்பாளும், நீரும், துப்புரவுப் பணியாளரும் வேண்டும். தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டிடம் ஆகியவை கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ளன. மனநலக் கொள்கை என்று தனியாக எழுதுவதற்கு முன், அந்த அட்டவணையை ஒரு மனநல ஆவணமாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

இருக்கை பற்றிய அண்மை விவாதமும் இத்தகையதே. 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படத்தின் தாக்கத்தால் 2025இல் கேரளத்தின் சில பள்ளிகள் கடைசி வரிசையை ஒழித்து, சுவரோரமாக நாற்புறமும் இருக்கைகளை அமைத்தன. தமிழ்நாட்டிலும் அவ்வாண்டு ஜூலையில் 'ப' வடிவ இருக்கைக்கு அறிவுறுத்தல் வந்தது. 'மாப்பிள்ளை பெஞ்ச்' என்ற சொல்லே இனி வழக்கொழியும் என்று சிலர் மகிழ்ந்தனர். நாற்பது பேர் நெருக்கியடித்திருக்கும் அறையில் இது எப்படிச் சாத்தியம், கழுத்தைத் திருப்பிக்கொண்டே எத்தனை மணி நேரம் கரும்பலகையைப் பார்ப்பது என்ற எதிர்வினைகளும் உடனே எழுந்தன. கழுத்துவலி பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் கரும்பலகை ஒரே சுவரில்தான் இருக்க வேண்டும் என்ற முன்முடிவின் மேல் நிற்பது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் சுவர்களைச் சுற்றித் தாழ்வான கரும்பலகைகள் இருந்தன. அவற்றில் எழுதியவர்கள் குழந்தைகள். ஆசிரியர் அவர்களோடு தரையில் அமர்ந்தார். ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் வளர்ந்த அட்டைகளும் கற்றல் ஏணியும் அதன் அடிப்படை. தன் வேகத்தில் நகரும் குழந்தைக்குப் பின்தங்குதல் என்ற நிலையே பொருளற்றதாகிறது. பின்னாளில் அம்முறை நீர்த்துப்போனதற்குப் பல காரணங்கள் உண்டு. எனினும் கற்பிக்கும் முறையோடு சேர்த்து இருக்கையை மாற்றினால் என்ன நிகழும் என்பதற்கு அது சான்று. மேசை நாற்காலியை மட்டும் நகர்த்துவது தச்சு வேலை.

இருக்கைக்கு இன்னொரு முகம் உண்டு. யார் யாரோடு அமர்வது, யார் சமைத்ததை யார் உண்பது என்பவை இந்தியப் பள்ளியில் ஒருபோதும் வெறும் இடவசதிக் கேள்விகளாக இருந்ததில்லை. 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டப் பள்ளியொன்றில் தலித் பெண் சமைத்த மதிய உணவை ஆதிக்க சாதி மாணவர்கள் பலர் உண்ண மறுத்தனர். நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்குவது முதல் கைக்கயிறுகளைத் தடைசெய்வது வரை பரிந்துரைத்தது. மாணவர் நலம் பற்றிய கருத்தரங்குகளில் இந்த அறிக்கை அரிதாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. அது 'சமூகநீதி'த் துறைக்குரியது என ஒதுக்கப்படுகிறது. அவமதிப்பைவிட ஒரு வளரிளம் மனத்தைச் சிதைப்பது வேறென்ன என்று உளவியல் துறையினர்தான் விளக்க வேண்டும். பாதிப்பைத் தனிமனிதப் பதற்றமாக மட்டுமே பதிவு செய்யும் வினாத்தாள், சாதியைப் பற்றிக் கேட்காததாலேயே சாதியைக் கண்டுபிடிப்பதில்லை.

இனி ஆட்களுக்கு வருவோம். நலம் என்றதும் ஆலோசகர் என்பது இன்றைய எதிர்வினை. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் நாடு முழுவதற்குமான 15 வழிகாட்டுதல்களை வழங்கியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப்பணியாளரோ இருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவரைப் பிரித்து அமர்த்தக் கூடாது. பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது. எல்லாப் பணியாளரும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி பெற வேண்டும் என்பன அவற்றுள் சில. ஆலோசகரைப் பற்றிய விதி செய்திகளில் பெரிதாக வந்தது. மதிப்பெண்படி பிரிக்கக் கூடாது என்ற விதிதான் உண்மையில் பள்ளியின் உள்கட்டமைப்பைத் தொடுவது. 'டாப்பர் செக்ஷன்' இல்லாத பெரிய தனியார் பள்ளியை நகரங்களில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

அதே வேளை, ஆசிரியரை விட்டுவிட்டு ஆலோசகரைக் கொண்டுவர இயலாது. குழந்தை முதலில் தன் முகவாட்டத்தைக் காட்டுவது நாள்தோறும் காணும் ஆசிரியரிடம். கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரின் வாரப் பணிநேரத்தை, பாடத் தயாரிப்பும் உட்பட, 45 மணி என்று வகுக்கிறது; அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு அவரை அழைக்க இடமளிக்கிறது. நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார். ஐந்து வகுப்புகளையும் சத்துணவுக் கணக்கையும் இணையப் பதிவேற்றத்தையும் ஒருவரே சுமக்கையில், அவரிடம் கனிவை எதிர்பார்ப்பது அவரது நற்குணத்தின் மீது அரசு வாங்கும் கடன்.

எல்லாவற்றுக்கும் எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. பள்ளி மென்மையாகலாம், வெளியே இருக்கும் போட்டி மென்மையாகாது. 2024 நீட் தேர்வை 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர், எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். இந்தக் கணக்கு மாறாதவரை பெற்றோர் பள்ளியிடம் அழுத்தத்தைத்தான் கேட்பர். வாதம் உண்மை, ஆனால் பாதி உண்மை. இந்த அழுத்தம் பள்ளியை இறுக்கமாக்கியதைவிடப் பல இடங்களில் பள்ளியையே இல்லாமலாக்கியிருக்கிறது. பெயரளவில் ஒரு பள்ளியில் சேர்ந்து, நாள் முழுவதும் பயிற்சி மையத்தில் கழிக்கும் 'டம்மி பள்ளி' முறை அதன் விளைவு. 2024 நவம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தில்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் இணைப்பை இதற்காக நீக்கியது. விளையாட்டு மணியும், ஆண்டுவிழாவும், வேறு பாடம் படிக்கும் நண்பனும் இல்லாத இரண்டு ஆண்டுகளைப் பதினாறு வயதில் ஒருவர் கழிப்பது வளர்ச்சியின் எந்தக் கோட்பாட்டுக்கும் பொருந்தாது. 2024 ஜனவரியில் வந்த பயிற்சி மையங்களுக்கான நெறிமுறை, 16 வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கக் கூடாது என்றது. ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் 'ஃபவுண்டேஷன்' வகுப்புகள் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே நடக்கும்போது அந்த வயது வரம்பு யாரைக் கட்டுப்படுத்தும் என்பது நெறிமுறையில் இல்லை.

மேலும், போட்டித் தேர்வு வாதம் நாட்டின் பெரும்பாலான குழந்தைகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள். கோட்டா நகரம் தலைப்புச் செய்தியாவதால், இவர்கள் எல்லாரும் மருத்துவக் கனவோடு விடுதியில் தங்கியவர்கள் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அப்படியன்று. விடுதி மின்விசிறிகளை மாற்றியமைக்கக் கோட்டா நிர்வாகம் 2023இல் இட்ட ஆணை கேலிக்குள்ளானது. அந்தக் கேலி முழுவதும் சரியன்று. நெருக்கடி நொடியில் ஆபத்தைத் தொலைவில் வைப்பது உயிர்காக்கும் என்பதைப் பொதுச் சுகாதார ஆய்வுகள் நன்கு நிறுவியுள்ளன. அதைச் செய்துவிட்டுப் பயிற்சி மையத்தின் வாராந்திரத் தரவரிசைப் பட்டியலை அப்படியே சுவரில் விட்டுவைத்ததுதான் சிக்கல்.

உச்ச நீதிமன்றத்தின் 100 என்ற வரம்புக்குத் திரும்பினால், கீழேயுள்ள பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். நிமான்ஸ் நிறுவனத்தின் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினரிடம் மனநலக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. முப்பது பேர் படிக்கும் மலைக்கிராமப் பள்ளியில் அது இரண்டு குழந்தைகள். அவர்களுக்கான வல்லுநர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில், ஒரு நாள் கூலியை இழந்து செல்ல வேண்டிய தொலைவில் இருப்பார். அல்லது 14416 என்ற டெலி-மானஸ் எண்ணின் மறுமுனையில் இருப்பார். வட்டார வள மையந்தோறும் ஒரு நிரந்தர ஆலோசகர் பணியிடம், அவர் பள்ளிகளுக்குச் சுற்றிவரப் பயணப்படி, அவருக்கு வேறு எந்தக் கணக்கெடுப்பு வேலையும் தரப்படாது என்ற ஒரு வரி ஆணை ஆகிய மூன்றும் இருந்தால் அந்த வழிகாட்டுதல் அந்த இரண்டு குழந்தைகளைச் சென்றடையும். வட்டார வள மையங்கள் ஏற்கெனவே உள்ளன. பணியிடம்தான் இன்னும் உருவாக்கப்பட வேண்டும்.